புதுப்பிப்பு: 2147483647 பகா எண்தானா?

2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 2147483647 பகா எண்தானா என்று கால்குலேட்டரிலேயே பார்க்கிறேன், அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும் என்று போன வாரம் வீறாப்பாக எழுதியிருந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தல்! மூன்றாம் நாளே கை ஓய்ந்துவிட்டது.

அப்புறம்தான் கணித மேதை ஆய்லர் 1772-இல் பிடித்த குறுக்குவழி உறைத்தது. இதற்குப் பகா வகுஎண் இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வரும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வருபவை மட்டுமே மிச்சம். 46,340-க்குள் அப்படிப்பட்டவற்றை எண்ணினேன்: 372. (63-ஐச் சேர்க்கவில்லை, அது 3-ஆல் போகும்.)

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் இப்போது மீன்பிடித் தடைக்காலம். மச்சானுடைய விசைப்படகு மராமத்துக்காகக் கரையேறி நிற்கிறது. அதன் நிழலில் அவர் எண்ணை வாசிக்க, நான் வகுக்க, இரண்டே சாயங்காலத்தில் முடிந்தது. ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை. பகா எண்தான்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் 4-ஆல் வகுக்க மீதி 3 வரவே வராது, இதற்கோ மீதி 3.

தடைக்காலம் 61 நாள். 2-இன் 61-ஆம் அடுக்கில் 1 குறைத்தாலும் பகா எண்தான். “அதையும் போட்டுப் பார்ப்போமா?” என்கிறார் மச்சான். 19 இலக்கம், என் கால்குலேட்டரில் நுழையவே நுழையாது.