பொங்கல் மலருக்கு இந்த முறை குரூப் போட்டோ வேண்டாமே

சொந்தங்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் ஆகஸ்ட் சாண்டர் பெயரில் இளம் புகைப்படக்காரர்களுக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். 2018இல் அதை வாங்கியவர் பிரான்செஸ்கோ நேரி என்ற இத்தாலியர், எடுத்த படமெல்லாம் அவர் பக்கத்து விவசாயிகள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நம் பொங்கல் மலர் ஞாபகமாகவே இருக்கிறது.

சாண்டர் 1876இல் பிறந்தவர், சின்ன வயதில் சுரங்க வேலைக்குப் போனவர். தன் காலத்து மனிதர்களை வேலைவாரியாக, வகைவகையாகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று ஆயுசு முழுக்க அலைந்தார், அந்த வரிசையில் முதலில் வைத்தது விவசாயியைத்தான். கண்ணாடித் தகட்டில் எடுப்பார், ஆள் சில நொடி அசையாமல் நிற்கணும், அதனால் 'ஸ்மைல் ப்ளீஸ்' எல்லாம் கிடையாது. 1928இல் எடுத்த ஒரு சித்தாள் படம் இருக்கிறது, தோள்மேல் பலகை, அதில் அடுக்கிய செங்கல், அந்த ஆள் நம்மை நேராகப் பார்க்கிற பார்வையில் ஒரு ஜமீன்தார் தோற்றுப்போவார். 1929இல் 60 படங்களோடு புத்தகம் போட்டார், 1936இல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளையே அழித்துவிட்டார்கள். மகன் சிறையிலேயே 1944இல் இறந்துபோனான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். என் தாத்தா ரஜுலா கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கித் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இறந்தபோது மாலை போட ஒரு படம் இல்லை, யாரோ கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தோம், இன்றைக்கும் தாத்தா தோளில் யாருடையது என்று தெரியாத ஒரு கை இருக்கிறது!

அதனால்தான் கேட்கிறேன். இந்த வருஷ மலரில் சால்வை போடுகிற படங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இங்கே இருக்கிற நம்மூர்க்காரர்களை ஒவ்வொருவராக வேலை உடையில் எடுப்போம். பூ கட்டுகிறவர், பரோட்டா போடுகிறவர், கப்பல் பட்டறை வெல்டர், பேங்கில் இருக்கிறவரும்தான். வேலையிடத்தில் கேமராவை எடுக்க விடமாட்டார்கள், அதனால் ஹெல்மெட்டையும் பூட்ஸையும் பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் கொண்டுவரச் சொல்லலாம், ஒரு வெள்ளைச் சுவர் கிடைத்தால் போதும். (தம்பிகள் கூலிங் கிளாஸ் போடக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.)

ஒன்றில் மட்டும் சாண்டர் வழி வேண்டாம். அவர் பெரும்பாலும் படத்துக்குக் கீழே தொழிலைத்தான் போட்டார், பெயரைப் போடவில்லை. இங்கே நம் ஆட்களை ஏற்கெனவே 'வொர்க்கர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாம் பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு என்று மூன்றையும் போடுவோம், ஊரில் மலரைப் பிரிக்கிற ஆத்தாவுக்கு அதுதான் வேண்டும்.

என்னிடம் ஒரு பழைய நிக்கான் இருக்கிறது. ட்ரைபாட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து உங்கள் பழைய பொருளாளர்