பெர்கன் மழைக்கு எந்த பூட்ஸ்? மூன்று மாதத்தில் இரண்டு ஜோடி போச்சு

நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட்டில் நார்வேயின் பெர்கன் வந்தேன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. வீடு சாண்ட்விக்கனில், மேட்டுப் பக்கம். அங்கிருந்து ப்ரிகன் மரவீடுகளைத் தாண்டி நீகோர்ஸ்ஹொய்டன் கேம்பஸ் வரை தினமும் நடைதான். ஒரு வழிக்கு நாற்பது நிமிடம். பஸ் இருக்கிறது, ஆனால் இந்த நடையை விட மனசில்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஓட்டப்பயிற்சி ஷூ செப்டம்பரிலேயே கைவிட்டுவிட்டது. அப்புறம் 900 குரோனருக்கு ஒரு கணுக்கால் பூட்ஸ் வாங்கினேன். உள்ளே ரோமம், பக்கத்தில் ஜிப், போட்டவுடனே கதகதப்பு. பெட்டியில் தண்ணீர்த் துளி படம் வேறு. மூன்றாவது நாள் ஆய்வகத்தில் கழற்றினால் சாக்ஸைப் பிழியலாம் போல இருந்தது. ராத்திரி ராத்திரி ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்தேன். இப்போது முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

வெளியே 4 டிகிரி, விடாத மழை. கையில் 2000 குரோனர் வரை இருக்கிறது. கோர்டெக்ஸ் என்கிறார்களே, உண்மையிலேயே தண்ணீர் புகாதா? ரப்பர் பூட்ஸ் என்றால் நாற்று நடப் போகிறவன் மாதிரி கேம்பஸுக்குள் போக வேண்டுமே என்று யோசனை.

லில்லஹாமர்வாசி:

தம்பி, குளிருக்குப் போய்க் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். உள்ளே கழற்றி மாட்டும் கனமான கம்பளி லைனிங் உள்ள முழு வின்டர் பூட்ஸ் வாங்கிவிடுங்கள். எனக்கு இது ஏழாவது வருடம், மைனஸ் 20-இல்கூடக் கால் சுடச்சுட இருக்கும்.

ஊசிமழை:

லில்லஹாமர்த் தம்பி கோவிக்கக் கூடாது. உங்கள் ஊரில் விழுவது காய்ந்த பனி, தட்டினால் கொட்டிவிடும். எங்கள் ஊரில் விழுவது தண்ணீர். இரண்டுக்கும் ஒரே சப்பாத்து சொன்னால் பிள்ளை மூன்றாவது ஜோடியையும் குப்பையில் போடும்.

நான் இங்கே வந்தது 2006 ஒக்டோபரில். அந்த மாதக் கடைசியில் பிடித்த மழை ஜனவரி வரை 85 நாள், ஒருநாள்கூட இடைவெளி விடவில்லை. அது இந்த ஊரின் சாதனைக் கணக்கு, பெருமையாகச் சொல்லுவார்கள். வேலை வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கிறது. ஒருநாளைக்கு எட்டு வீடு, பத்து வீடு, பாதி மலைப்பக்கம், கல்படி. நோர்வேயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போக ஏலாது. ஆகவே என் மேஸ் (சாக்ஸ்) நனைந்தால் ஊருக்கே தெரியும். ஒருமுறை ஒரு அம்மா தன் செத்துப்போன மனுசனின் கம்பளி மேஸை எடுத்துத் தந்து, "போட்டுக்கொண்டு போ" என்றா. அன்றைக்குத்தான் இதைச் சரியாகப் படிக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

உங்கள் பூட்ஸ் ஏன் நனைந்தது என்று சொல்லுகிறேன். முதலாவது ஜிப். ஜிப் வழியாகத் தண்ணீர் வரும். உள்ளே நீர்புகாத் துணி மடிப்பு வைத்துத் தைத்திருந்தால் ஒழிய அது நிற்காது. இரண்டாவது, பெட்டியில் படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். "வன்அவ்விசெண்டெ" என்று போட்டிருந்தால் தண்ணீரைக் கொஞ்சநேரம் தள்ளிவிடும், அவ்வளவுதான். "வன்டெட்", அதாவது தண்ணீர் புகாது, என்று இருக்கவேண்டும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். மூன்றாவது அந்த ரோமம். 4 டிகிரியில், அதுவும் ஏற்றத்தில் நாற்பது நிமிடம் நடக்கிற ஆளுக்குக் கால் தானே சூடாகும். ரோமம் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காய இரண்டு நாள் கேட்கும்.

அதோடு ஒன்று கேட்கிறேன்: ஜீன்ஸ் போட்டுத்தானே நடக்கிறீர்கள்? நனைந்த ஜீன்ஸ் விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரித் தண்ணீரை இழுத்து நேரே மேஸுக்குள் விடும். சப்பாத்து என்ன விலையானாலும் காப்பாற்றாது. மழைக்கால்சட்டை ஒன்று எடுத்து மேலே போடுங்கள். அதன் கால் பூட்ஸுக்கு வெளியே விழவேண்டும். உள்ளே செருகினால் மலையில் பெய்த மழை முழுக்கப் பாதத்தில் வந்து சேரும்.

வாங்கவேண்டியது ரோமம் இல்லாத, கணுக்காலை மூடுகிற, உள்ளே மெம்பிரேன், அதாவது கோர்டெக்ஸ் மாதிரி நீர்புகாப் படலம், வைத்த நடைபூட்ஸ். கடையில் பூட்ஸின் நாக்கை இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் துணியால் மேல்வரை சேர்ந்திருக்கவேண்டும். அது எவ்வளவு உயரத்துக்குச் சேர்ந்திருக்கோ, தண்ணீரில் அவ்வளவு ஆழத்துக்குத்தான் காலை வைக்கலாம். உள்ளட்டை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அடிப்பக்கத்தை விரல் நகத்தால் அழுத்துங்கள். கல்லுமாதிரி விறைப்பான ரப்பர் ப்ரிகன் பலகையிலும் நனைந்த கல்லிலும் உங்களை விழுத்தும்.

அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கம்பளி மேஸ் போட்டுக்கொண்டு, பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போய் அளவு பாருங்கள். விரல் அசையவேண்டும். எனது அண்ணா 80களின் கடைசியில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். குளிர் என்று ரப்பர் பூட்ஸுக்குள் மூன்று மேஸ் போட்டவராம். கால் இன்னும் விறைத்ததுதான் மிச்சம். இறுக்கினால் இரத்தம் ஓடாதே! ஒரு மேஸ், கம்பளி. அது தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை வாங்கியும் குளிராது. பருத்தி மேஸை ஊருக்குப் போகும்போது போடுங்கள்.

ரப்பர் பூட்ஸை ஏன் இளப்பமாகச் சொல்லுகிறீர்கள்? இங்கே வங்கியில் வேலை செய்கிறவர்களும் அதோடுதான் போவார்கள். கொட்டுகிற நாளுக்கு அதைப்போல ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் நாற்பது நிமிடம் என்றால் உள்ளே வியர்த்துவிடும், குதி உரசும். மலிவில் ஒன்று வாங்கி வாசலில் வையுங்கள். நடைபூட்ஸுக்கு ஜனவரியில் விலை குறைப்பார்கள். அதுவரை ரப்பரோடு சமாளிக்கலாம்.

ஹீட்டரில் இனி வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். உள்ளட்டையைக் கழற்றி, பேப்பரைக் கசக்கித் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் மாற்றித் திணியுங்கள். வேலையிடத்தில் ஒரு செருப்பு வைத்துக்கொண்டால் பகல் முழுக்கவும் பூட்ஸ் காயும்.

ட்ரொன்ட்ஹைம்_பொறியாளர்:

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. கோர்டெக்ஸ் பற்றி மட்டும். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே பிடிஎஃப்இ பொருள்தான். 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதன் சூடான தண்டு ஒன்றை மெதுவாக இழுத்து இழுத்து அறுந்துகொண்டே இருக்க, கடைசியில் வெடுக்கென்று இழுத்தபோது அது நீண்டு கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொருளாகிவிட்டது. நீராவி போகும், நீர்த்துளி போகாது. ஆனால் வெளித்தோல் தண்ணீரில் ஊறிவிட்டால் ஆவிக்கும் வழி இல்லை. உங்கள் வியர்வையே உங்களை நனைக்கும். பலபேர் அதை ஓட்டை என்று நினைத்துக் கடையில் சண்டை போடுகிறார்கள். அவ்வப்போது மண்ணைக் கழுவி, நீர்விலக்கும் ஸ்ப்ரேயோ மெழுகோ போடுங்கள். சந்தேகம் வந்தால் உள்ளே டிஷ்யூ தாள் விரித்து, காலை விடாமல், கணுக்காலுக்குக் கீழ்வரை வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தாள் நனைந்தால் பூட்ஸின் குற்றம். நனையாவிட்டால் உங்கள் வியர்வை.

பழைய பொருளாக வாங்குவதாக இருந்தால் கவனம். பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாமல் சும்மா கிடந்தாலே சில வருடங்களில் ஈரக்காற்றில் மக்கிவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், முதல் நடையில் ரொட்டித்தூள் மாதிரி உதிரும்.

நெல்லைக்காரன்:

அக்கா, ஜீன்ஸ்தான்! எப்படித் தெரிந்தது? இன்று மழைக்கால்சட்டையும் 500 குரோனருக்கு ஒரு ரப்பர் பூட்ஸும் வாங்கிவிட்டேன். பச்சை நிறம். ஆய்வகத்தில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டு சந்தேகம். இது ஐஸில் வழுக்குமா? அப்புறம், பேப்பர் திணிக்கச் சொன்னீர்கள். இந்தக் காலத்தில் பேப்பர் யார் வாங்குகிறார்கள்?

ஊசிமழை:

எல்லாச் சப்பாத்தும் ஐஸில் வழுக்கும். மழை பெய்து இரவில் உறைந்து, காலையில் அதன்மேல் திரும்ப மழை பெய்கிற நாள் வரும். அன்றைக்கு "ப்ரொடர்" என்று ஆணி வைத்த ரப்பர் வளையம் மாட்டவேண்டும். மருந்துக்கடையிலும் இருக்கும். கடைக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள், வழுவழுப்பான தரையில் அதுவே விழுத்தும். நான் விழுந்திருக்கிறேன், வாழைப்பழத் தட்டுக்கு முன்னால்.

பேப்பருக்குப் பக்கத்து வீட்டுக் கிழவனைக் கேளுங்கள், அவர்கள் இன்னும் எடுப்பார்கள். தபால்பெட்டியில் விழுகிற பளபளப்பான விளம்பரத்தாள் வேண்டாம், அது உறிஞ்சாது.