இலக்குகளை எழுதி வைத்தும் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றன?

தொடுவானம்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த 6 ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் டைரியின் முதல் பக்கத்தில் அந்த ஆண்டுக்கான இலக்குகளை எழுதி வருகிறேன். நேற்று அந்த ஆறு டைரிகளையும் வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தபோது, நான்கு வரிகள் ஏறத்தாழ ஒரு சொல்கூட மாறாமல் ஆறிலும் இருப்பதைக் கண்டேன். உடல்நலத்தில் அக்கறை செலுத்த வேண்டும். ஜெர்மன் மொழி கற்க வேண்டும். பாதியில் விட்ட முதுகலை ஆய்வேட்டை முடிக்க வேண்டும். வேலையில் அடுத்த நிலைக்கு உயர வேண்டும். முதல் மாதம் முழு வேகத்தில் போகும். இரண்டாம் மாதம் தளரும். மூன்றாம் மாதத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே மனம் கூசும்.

அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் 1953ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மாணவர்களில் இலக்குகளை எழுதி வைத்திருந்த 3 விழுக்காட்டினர், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மற்ற அனைவரின் மொத்தச் செல்வத்தையும் விட அதிகமாகச் சேர்த்திருந்தார்கள் என்று படித்ததை நம்பித்தான் எழுதத் தொடங்கினேன். எழுதியும் எதுவும் நடக்காததால், குறை என் மன உறுதியில்தான் இருக்கிறதா, அல்லது நான் இலக்கை அமைக்கும் முறையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த முயற்சியில் உண்மையாகத் தேறியவர்கள், ஒரே நேரத்தில் எத்தனை இலக்குகள் வைத்துக்கொள்ளலாம், அவற்றை எவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏர்முனை:

உங்கள் நான்கு வரிகளையும் இரண்டு முறை படித்தேன். மன உறுதியைப் பற்றிய கேள்வியைச் சற்று ஒதுக்கி வையுங்கள், ஏனெனில் அந்த வரிகளில் மூன்று, எவ்வளவு உறுதியுள்ளவரையும் தோற்கடிக்கும் வகையில் எழுதப்பட்டிருக்கின்றன. ‘உடல்நலத்தில் அக்கறை’ என்பது எந்த நாளில் நிறைவேறியது, எந்த நாளில் நிறைவேறவில்லை என்று உங்களாலேயே சொல்ல முடியாது. ஒரு நாள் மாடிப்படி ஏறினாலும் அக்கறைதான். ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அக்கறை மனத்தில் இருக்கத்தான் செய்கிறது.

உளவியலாளர் எட்வின் லாக் 1968இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கி, பின்னர் கேரி லேதமுடன் சேர்ந்து பல்லாண்டுகள் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது இதைத்தான்: ‘முடிந்த அளவு சிறப்பாகச் செய்யுங்கள்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றே கடினமான ஓர் அளவு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் சாதிக்கிறார்கள். 1975இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் ஏற்றி வந்தன. முடிந்தவரை ஏற்றுங்கள் என்றுதான் அதுவரை ஓட்டுநர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. 94 விழுக்காடு என்று ஓர் எண்ணைக் கொடுத்ததும், கூடுதல் ஊதியம் எதுவும் இல்லாமலேயே, சில மாதங்களில் சுமை 90 விழுக்காட்டை ஒட்டி வந்து நின்றது. ஆட்கள் மாறவில்லை, லாரிகள் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அளவு கிடைத்தது, அவ்வளவே.

ஆனால் அளவு மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்போது, எங்கே, எதைச் செய்து முடித்த கையோடு தொடங்குவீர்கள் என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதைத் தனியாகவே ஆராய்ந்தார். ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்ற வடிவில் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது எவ்வளவு உதவுகிறது என்று 94 சோதனைகளைத் தொகுத்து அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் எழுதியபோது, அதன் பயன் குறிப்பிடத்தக்க அளவு பெரியது என்று கண்டார்கள். முடிவை அந்த நேரத்துச் சோர்விடம் விட்டுவிடாமல், தெளிவாக இருந்த வேளையிலேயே எடுத்து முடித்துவிடுகிறோம் என்பதே அதன் உட்பொருள். ‘மாலையில் வீட்டுக்குள் நுழைந்து பையை வைத்தவுடன், உட்காராமல், 30 நிமிடம் நடப்பேன்’ என்று எழுதிப் பாருங்கள். இந்த வரிக்கு இரவில் ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்.

பழையகுறிப்பு:

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் குறிப்பிட்ட 1953ஆம் ஆண்டு ஆய்வு நடக்கவே இல்லை. எண்ணற்ற மேடைகளில் சொல்லப்பட்ட அந்தச் செய்தியைத் தேடிப் பார்த்த பிறகு, அப்படியோர் ஆய்வு தம்மிடம் நடைபெறவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் தரப்பே தெளிவுபடுத்திவிட்டது. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதினாலே போதும் என்று நம்புகிறவர், எழுதியும் நடக்காதபோது பழியைத் தம்மீதே போட்டுக்கொள்கிறார். உங்கள் கேள்வியில் அந்த வலியைக் காண்கிறேன்.

எழுதுவதைவிட, எழுதியதை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தொடர்ந்து குறித்து வருவதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 138 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து இதைக் காட்டியது. முன்னேற்றத்தை மனக்கணக்காக வைத்துக்கொள்ளாமல் எழுத்தில் பதிந்தபோதும், பிறர் அறியச் சொன்னபோதும் பயன் கூடியது. உங்கள் டைரியில் முதல் பக்கம் மட்டுமே நிரம்பியிருந்தது என்று நினைக்கிறேன். மற்றப் பக்கங்களே உண்மையில் வேலை செய்திருக்க வேண்டியவை.

ஏர்முனை அவர்கள் சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கடினமான, குறிப்பான அளவு என்பது, செய்யத் தெரிந்த வேலைக்குப் பொருந்தும். லாரியில் மரம் ஏற்ற அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும். இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் வேலையில் அதே முறை கெடுதலாகவும் முடியலாம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைப் போன்ற ஒரு செயற்கைப் பயிற்சியைக் கொண்டு 1989இல் கான்ஃபரும் ஆக்கர்மனும் நடத்திய ஆய்வில், கற்கும் தொடக்கத்திலேயே எண் இலக்கு கொடுக்கப்பட்டவர்களின் செயல்பாடு குறைந்தது. எண்ணைத் துரத்துவதிலேயே கவனம் செலவாகி, வேலையைப் புரிந்துகொள்ள மிச்சம் இருப்பதில்லை. ஆகவே ஜெர்மன் மொழிக்கு ‘6 மாதத்தில் இன்ன தேர்வு நிலை’ என்று எழுதாமல், ‘முதல் இரு மாதங்களில் மூன்று வகையான கற்கும் முறைகளை முயன்று பார்த்து, எனக்குப் பொருந்துவதைக் கண்டறிவேன்’ என்று தொடங்குவது நல்லது.

ஆய்வேட்டைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், ஏனெனில் அது நேரடியாகவே ஆராயப்பட்டிருக்கிறது. 1994இல் வெளியான பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோரின் கட்டுரையில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடித்துவிடுவோம் என்று மதிப்பிட்டார்கள். எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல். தாங்களே கற்பனை செய்த மிக மோசமான நிலையைவிடவும் அதிகம்! எனவே எவ்வளவு காலம் ஆகும் என்று உங்கள் மனத்தைக் கேட்காதீர்கள். முன்பு எழுதிய அத்தியாயத்துக்கு எத்தனை வாரங்கள் ஆயின என்று கணக்கெடுத்து, அதையே அடுத்த அத்தியாயத்துக்கும் ஒதுக்குங்கள்.

மறுகரை:

மேலே இருவரும் முறையைப் பற்றி எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய கேள்வி ஒன்றை நான் கேட்க விரும்புகிறேன். இந்த நான்கும் உங்களுடைய விருப்பங்கள்தானா?

என் வாழ்க்கையில் 9 ஆண்டுகளை ஒரு தொழில்முறைத் தேர்வுக்குக் கொடுத்தேன். கால அட்டவணை, மாதிரித் தேர்வு, வாராந்திர மதிப்பீடு என்று இங்கே சொல்லப்பட்டவற்றில் எதையும் நான் குறைவைக்கவில்லை. ஆனால் அந்தத் தேர்வு என் தந்தையின் ஆசை. அவர் எழுத நினைத்து எழுத முடியாமல் போனது. அவர்மீது எனக்கு இருந்த அன்பை, அந்தத் துறையின்மீது எனக்கு இருந்த விருப்பமாகவே இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் முறை தவறியபோது என் மனைவி ஒன்று கேட்டார்: ‘நாளைக்கே நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டால், அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?’ அந்தக் காலைப் பொழுதை நினைத்துப் பார்த்தபோது எனக்குள் எந்த மகிழ்ச்சியும் எழவில்லை. சான்றிதழை அப்பாவிடம் காட்டும் நொடி மட்டும்தான் கண்முன் வந்தது.

விட்டுவிட்டேன். முதல் சில மாதங்கள் பெரும் வெறுமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு, படிக்கும் காலத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மாலை வேளைகள்தாம் என்னை உயிர்ப்போடு வைத்திருந்தன என்பது புரிந்தது. இன்று முழுநேரமாகக் கற்பிக்கிறேன். எட்ட முடியாத இலக்கிலிருந்து விலகவும், வேறொன்றைப் பற்றிக்கொள்ளவும் கூடியவர்கள் மன நலத்தில் மேம்பட்டிருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ராஷ் முதலியோர் 2003இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, நான் தோற்றுப் போனவன் என்ற எண்ணம் சற்றே அகன்றது. விலகுவது மட்டும் போதாது, பற்றிக்கொள்ள வேறொன்றும் வேண்டும் என்ற இரண்டாம் பகுதியை நான் அனுபவத்திலேயே அறிந்திருந்தேன்.

உங்கள் நான்காவது வரியையும் பாருங்கள். பதவி உயர்வு கொடுப்பது உங்கள் மேலாளரின் கையில் இருக்கிறது. பிறர் கையில் இருக்கும் ஒன்றை இலக்காக எழுதினால், நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஆண்டிலும் தோற்றதாகவே கணக்கு முடியும். அந்த உயர்வுக்கு வேண்டிய எந்தத் திறன் இப்போது உங்களிடம் இல்லை என்று மேலாளரிடமே கேட்டு, அந்தத் திறனை இலக்காக எழுதுங்கள்.

தொடுவானம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுகரை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமைக் கேள்வியை நான்கு வரிகளிடமும் கேட்டுப் பார்த்தேன். ஜெர்மன் மொழி, என் நெருங்கிய நண்பன் அந்நாட்டுக்குச் சென்ற ஆண்டில் பட்டியலில் சேர்ந்தது. அவனோடு போக முடியாத ஏக்கம்தான் அது, மொழியின்மீதான ஆசை அல்ல. அதை அடித்துவிட்டேன். ஆய்வேடு அப்படியில்லை. அதை முடித்துவிட்ட ஒரு காலைப் பொழுதை நினைத்தால், அடுத்து ஆராய வேண்டியவை பற்றியே மனம் ஓடுகிறது.

ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. எனக்கு எப்போதும் சரிவு தொடங்குவது ஒரு நாள் தவறும்போதுதான். ஒரு நாள் எழுதாமல் விட்டால், மறுநாள் உட்காரவே குற்ற உணர்வாக இருக்கிறது. அந்த உணர்வுக்கு அஞ்சியே ஒரு வாரம் போய்விடுகிறது. இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

ஏர்முனை:

பழையகுறிப்பு அவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். கற்கும் நிலைக்கும் செய்யும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நான் சொல்லாமல் விட்டது குறைதான்.

தவறிய நாளைப் பற்றி உங்களுக்கு ஆறுதலான செய்தி இருக்கிறது. ஃபிலிப்பா லாலி என்பவர் லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாகவே நிகழும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி 22ஆம் நாளில் மனம் உடைய வேண்டியதில்லை. அதே ஆய்வில், ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. உங்களைக் கெடுப்பது தவறிய நாள் அல்ல. அதற்கு அடுத்து வரும் ஆறு நாட்கள்தாம்.

ஆகவே தவறுவதையும் திட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். ‘ஓர் அமர்வு தவறினால், அடுத்த அமர்வில் முந்தையதை ஈடுசெய்ய முயலாமல், 10 நிமிடம் மட்டும் உட்கார்ந்து ஒரு பத்தியைத் திருத்துவேன்’ என்பது போல. ஈடுசெய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் மேசையை அணுக முடியாதபடி செய்துவிடுகிறது என்பது என் அனுபவம். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் காட்டியது போல, இலக்கு நிறைவேறிய இனிய காட்சியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது முயற்சியைத் தளர்த்திவிடுகிறது. அந்தக் காட்சிக்கு எதிரே நிற்கும் தடையையும், குறிப்பாக நமக்குள்ளேயே இருக்கும் தடையையும், சேர்த்து எண்ணும்போதுதான் கை வேலைக்குப் போகிறது. உங்கள் உள் தடை சோம்பல் இல்லை, குற்ற உணர்வு. அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பழையகுறிப்பு:

எத்தனை இலக்குகள் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாய எண் ஏதும் இல்லை. வாரத்தில் உங்களுக்கு உண்மையாகவே மிஞ்சும் மணிநேரங்களைக் கூட்டிப் பாருங்கள்; ஆய்வேட்டுக்கு வேண்டியதைக் கழித்த பிறகு என்ன இருக்கிறதோ, அதற்குள் அடங்குவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடுவானம்:

கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு ஏழு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. ஆறு ஆண்டுகளாக நான்கு இலக்குகளை அதற்குள் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது எழுதியிருப்பது இவ்வளவுதான். திங்கள், வியாழன், சனி ஆகிய நாட்களில் காலை 5.30க்கு முகம் கழுவியவுடன், மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு, 90 நிமிடம் மூன்றாம் அத்தியாயம். தவறினால் அடுத்த அமர்வில் 10 நிமிடமும் ஒரு பத்தியும். மாலை நடை, பையை வைத்தவுடன் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாட்கள். இரண்டாம் அத்தியாயத்துக்கு 14 வாரங்கள் ஆனதாகப் பழைய மின்னஞ்சல்களிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆகவே மூன்றாவதற்கும் 14 வாரங்கள். மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன், இந்த வாரமே கேட்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை அமர்வுகள் நடந்தன என்ற எண்ணிக்கையை இந்த இழையிலேயே பதிவிடுகிறேன். முதல் பதிவு வரும் சனிக்கிழமை.