மின்தடை அளவீட்டில் சூடேற்றும் கோடும் குளிர்விக்கும் கோடும் சேரவில்லை: உதவி தேவை

மாங்கனைட் (மாங்கனீசு ஆக்சைடு வகைப் பொருள்) வில்லை ஒன்றின் (லாந்தனம் 0.7, கால்சியம் 0.3) மின்தடையை 80 முதல் 300 கெல்வின் வரை நான்கு முனை முறையில் (மின்னோட்டத்துக்கு இரு முனை, மின்னழுத்தத்துக்கு வேறு இரு முனை) அளக்கிறோம். வில்லையின் தடிமன் 2 மி.மீ., மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர். இணைப்புகள் வெள்ளிப் பசையில். வெப்பநிலை வேறுபாட்டால் எழும் வெப்ப மின்னழுத்தம் கலக்காமலிருக்க ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத் திசையை மாற்றி, இரண்டு மதிப்புகளின் வேறுபாட்டில் பாதியை எடுக்கிறோம்.

சிக்கல் 250 கெல்வின் அருகே, மின்தடை உச்சத்தில். நிமிடத்துக்கு 2 கெல்வின் வேகத்தில் இரு கோடுகளுக்கும் இடைவெளி 4 கெல்வின், 0.5 ஆகக் குறைத்தால் 1.5. வேகத்தோடு குறைவதால் பெரும்பகுதி வெப்பப் பின்தங்கலே, அதாவது உணரி காட்டும் வெப்பநிலைக்கு வில்லை பின்தங்குவதே. பிளாட்டினம் வெப்பநிலை உணரி செம்புக் கட்டைக்குள் இருக்கிறது, வில்லையோ வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பீங்கான் வகை. மின்னோட்டத்தை 0.1 மில்லிஆம்பியராகக் குறைத்தும் தடை மாறவில்லை, ஆகவே தன்சூடேற்றம் (மின்னோட்டமே வில்லையைச் சூடாக்குவது) காரணமில்லை.

மிச்சமுள்ள 1.5 கெல்வின் பொருளின் உண்மையான தயக்கமா (சூடேறும்போதும் குளிரும்போதும் வெவ்வேறு வெப்பநிலையில் மாறும் இயல்பு), பின்தங்கலின் எச்சமா? வேகம் சுழியானால் இடைவெளி எவ்வளவு என்று நீட்டிக் கணித்தால் போதுமா, அல்லது ஒவ்வொரு வெப்பநிலையிலும் நிறுத்தி நிலைப்படுத்தி அளப்பதுதான் நம்பகமா? அப்படியானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? உணரியை வில்லையின் மேற்பரப்பிலேயே ஒட்டியவர்கள், கம்பி வழியே வரும் வெப்பத்தை எப்படித் தடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.