பதில்: பதில்: இன்சுலின் பம்பு: எக்கியா, செலுத்தியா, ஊட்டியா?

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மடல் பாக்கல, அதுக்குள்ள இன்சுலின் பம்புக்கு தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்ங்கிற இழை இவ்ளோ நீளமாயிருச்சு.

> சிரிஞ்சு, பேனா, பம்பு எல்லாத்துக்கும் பொதுவா 'இன்சுலின் செலுத்தி'ன்னு வச்சுக்கலாமே

அண்ணே, சொல் நல்லாத்தான் இருக்கு, ஆனா வாக்கியத்துல போட்டுப் பாருங்க. "இன்சுலின் செலுத்தி அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடவும்." இதுல செலுத்தி கருவியா, வினையெச்சமா? நோயாளி கையேட்டுல இப்படி ஒரு குழப்பம் வரவே கூடாது.

அதவிட, எல்லாத்தையும் ஒரே சொல்லுக்குள்ள அடைக்கணுமா? இன்சுலின் கருவிகளப் பத்தி சந்தை அறிக்கை எழுதுறவங்களுக்கு எல்லாம் ஒரே கூடைதான், போட்டுக்கிறவங்களுக்கு அப்படி இல்ல. சிரிஞ்சும் பேனாவும் ஒரு இனம், குத்துனா மொத்த டோஸும் அப்பவே உள்ள போயிரும், அது ஊசி, அவ்வளவுதான். பேனாவுக்கு பேரே தேட வேண்டாம், 1985ல டென்மார்க்குல நோவோபென் வந்ததுலருந்து அது பேனாதான், எங்க அத்தைகூட 'பேனா ஊசி'ன்னுதான் சொல்றாங்க. யாராவது 'எழுதுகோல் ஊசி'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா நான் குழுவ விட்டே போயிருவேன் :)

மூச்சுல இழுக்குறது இன்னொரு இனம். எக்சுபெரா 2006ல வந்து அடுத்த வருஷமே கடைய கட்டிருச்சு, அஃப்ரெசாவுக்கு 2014ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அதுக்கு ஆஸ்துமாக்காரங்க சொல்ற 'இழுப்பான்' போதும்.

பம்புதான் வேற. நாள் முழுக்க சில நிமிஷத்துக்கு ஒரு தடவ துளித்துளியா உள்ள விட்டுக்கிட்டே இருக்கும், சாப்பாட்டு நேரத்துல பட்டன அமுக்குனா கூட கொஞ்சம் போகும். இது செலுத்துறது இல்ல, ஊட்டுறது. அதனால என் பரிந்துரை 'இன்சுலினூட்டி'.

> ஊட்டின்னா மலை ரயில்தான் ஞாபகம் வருது. அதோட இன்சுலின் என்ன சாப்பாடா?

சிரிச்சுட்டேன். ஆனா குளிரூட்டின்னு சொன்னா வராத ஊட்டி இதுக்கு மட்டும் எப்படிங்க வரும்? குளிரும் சாப்பாடு இல்லதானே, மின்னூட்டில போற கரண்டும் சாப்பாடு இல்ல. பம்புக்கு 'எக்கி'ங்கிறது இயற்பியல் பாடத்துக்கு சரி, எங்க வீட்டுல எக்கின்னா பரண் மேல இருக்குற டப்பாவ எடுக்குறது. பம்புன்னே விடலாம்னா, எங்க மாமாகிட்ட சொன்னப்ப "எத்தன எச்பி?"ன்னு கேட்டாரு.

அடுத்து டியூப் இல்லாம தோல்லயே ஒட்டிக்கிறது, ஆம்னிபாட் மாதிரி. 200 யூனிட் வரைக்கும் நிரப்பி மூணு நாள்ல கழட்டி எறியணும். 'ஒட்டூட்டி'ன்னு சொல்லிப் பாத்தேன், நாக்கு சுளுக்குது. 'ஒட்டு ஊட்டி'ன்னு பிரிச்சு எழுதலாம், இல்ல 'வில்லை ஊட்டி'.

சர்க்கரைய அளக்குற சென்சாரோட சேந்த பம்ப 'செயற்கைக் கணையம்'ங்கிறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 2016ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன மெட்ரானிக் 670ஜி சென்சார பாத்து அடிப்படை அளவ தானா கூட்டிக் குறைக்கும், சரி, ஆனா தின்ன மாவுச்சத்துக் கணக்க நாமதானே போடணும்? கணையம் நம்மள கேட்டா இன்சுலின் சுரக்குது? அது விளம்பரப் பேரு. 'உணரூட்டி'ன்னா சென்சாரும் ஊட்டியும் சேந்ததுன்னு புரிஞ்சிரும்.

இன்னொண்ணு, அந்தச் சந்தை அறிக்கைகள படிச்சா உலகமே பம்புக்கு மாறிட்ட மாதிரி இருக்கும். 2024ல தென்னாப்பிரிக்கா அரசு மருத்துவமனைகள்ல மனித இன்சுலின் பேனா சப்ளை நின்னு, ஜனங்க குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்ப வேண்டியதாச்சு. நம்ம ஊர்லயும் குப்பிதான் நிறைய பேருக்கு. அதுல ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜ்ல 100. ஒரு மருந்துக்கடைல அத்தைக்கு 40 குப்பிக்கு ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்ச குடுத்துட்டாங்க, 20ம் கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது வெறும் 8 யூனிட், சர்க்கரை ஏன் இறங்கலன்னு ஒரு வாரம் மண்டைய ஒடச்சோம். 40க்கான சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ரெண்டுக்கும் நல்ல பேரு வைக்கிறதுதான் ஊட்டிய விட அவசரம், யாராச்சும் தனி இழை தொடங்குங்களேன்.

அப்புறம் இன்சுலினூட்டிய சேத்து எழுதலாமா, 'இன்சுலின் ஊட்டி'யா? இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.