மயக்கமா, மரப்பா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருவாரூர்:
அனைவருக்கும் வணக்கம். நாள் குறித்து சிசேரியன் செய்துகொள்ளப்போகும் கர்ப்பிணிகளுக்கு நாலு பக்கக் கையேடு போடுகிறோம். வெள்ளிக்கிழமை கும்பகோணத்து அச்சகத்துக்குப் போக வேண்டும். அனஸ்தீசியாவுக்கு 'மயக்க மருந்து' என்று எழுதியிருந்தேன். நான் நடத்தும் கர்ப்பிணிகள் வகுப்பில் ஒரே கலவரம். "முதுகுல ஊசி போட்டா நெனவு போயிடுமா டீச்சர், புள்ள அழறது கேக்காதா?" என்கிறார்கள். முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியில் மார்புக்குக் கீழே மரத்துப்போகிறதே தவிர நினைவு போவதில்லை. அப்புறம், மாசமாயிருப்பவளுக்கு மயக்கம் என்றாலே தலைசுற்றல்தான். ஸ்பைனல், எபிடூரல், ஜெனரல் என்ற மூன்று வகைக்கும் தமிழ்ச் சொல் தாருங்கள்.

மன்னார்குடி:
அம்மா, மயங்குதல் என்றால் கலத்தல். தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. அங்கே யாருக்கும் நினைவு தப்பவில்லை. அனஸ்தீசியா என்ற பெயரை 1846-இல் அமெரிக்க மருத்துவர் ஹோம்ஸ் பரிந்துரைத்தார். கிரேக்க வேரில் அதற்கு உணர்வின்மை என்று பொருள். ஆகவே 'உணர்வகற்றல்'. எபிடூரலில் உள்ள 'டியூரா', டியூரா மேட்டர் என்ற லத்தீனிலிருந்து வருகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் மூடிய உறைக்குப் பெயர் அது. நேர்ப்பொருள் வன்தாய்! அதுவும் அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்தபோது பிறந்த தொடர். 'வன்தாய்மேல் உணர்வகற்றல்' என்று துணிந்து சொல்லலாமே?

தஞ்சாவூர்:
ஐயா, பிரசவத்துக்கு வந்தவளிடம் வன்தாய் என்றால், மாமியாரா என்று கேட்பாள். நான் தினமும் இந்த ஊசி போடுகிறவன். ஸ்பைனலில், தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, நரம்புகளைச் சூழ்ந்த நீரில் ஒரே தடவை மருந்து. சில நிமிடத்தில் பிடித்துவிடும், ஒன்றரை இரண்டு மணி நேரம் தாங்கும். இழுப்பது தெரியும், வலி தெரியாது. எபிடூரலில் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து, வேண்டும்போது மருந்து ஏற்றுவோம், பிடிக்க நேரமாகும். ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஜெனரல்தான். அதில் மட்டும்தான் நினைவு போகிறது, மயக்கம் என்ற சொல்லை அதற்கு மட்டும் வையுங்கள். நடவு நட்டு நிமிர்ந்தால் கால் மரத்துப்போச்சு என்கிறார்களே, அந்தச் சொல் போதும். முதுகு மரப்பூசி, குழாய் மரப்பு, முழு மயக்கம். ஆபரேஷனுக்குக் கூப்பிடும்போது தனக்கு எது என்று அவளே கேட்கட்டும்.

மயிலாடுதுறை:
மரப்பூசியை டிடிபி தம்பி மரப்பூச்சி ஆக்கிவிடுவான். பிரித்தே எழுதுங்கள்.

மன்னார்குடி:
உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் நிற்காது. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். நாம் டிடிபிக்குப் பயந்து புணர்ச்சியைக் கைவிடுகிறோம். 'மரப்பு ஊசி' என்று பிரித்தால் நன்றிப் பக்கத்தில் என் பெயர் வேண்டாம்.

திருவாரூர்:
சரி ஐயா. நேற்று வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மரப்பு ஊசி உடனே புரிந்தது. உணர்வகற்றலுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "ஆஸ்பத்திரியில ஸ்பைனல்னுதான் சொல்றாங்க, அதையும் போடுங்க டீச்சர்" என்றாள். 'முதுகு மரப்பு ஊசி, அதாவது ஸ்பைனல்' என்றே அனுப்பிவிட்டேன். குழாய் மரப்பில் எனக்கே திருப்தியில்லை. நன்றிப் பக்கத்துக்கு இடம் போதவில்லை.