மாடியில் கொதிக்கிறது, கீழே சில்லிடுகிறது: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

மாடிவாசி:
வணக்கம். இரண்டு மாடி வீடு, பாய்லரிலிருந்து சுடுநீர் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்பும் மூடிய அமைப்பு. பாய்லர் மாடியில் இருக்கிறது. பம்ப் அதற்கு வெளியே தனியாகப் பொருத்தப்பட்டது. மாடி ரேடியேட்டர்களைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. கீழே கூடத்தில் உள்ளது வெதுவெதுப்பாகவே நிற்கிறது, பின் அறையில் உள்ளது கல்லாகக் குளிர்ந்து கிடக்கிறது. பாய்லர் சில நிமிடம் எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. எல்லா ரேடியேட்டர்களிலும் காற்றை வெளியேற்றிவிட்டேன். குளிர்ந்த நிலையில் அழுத்தம் 1.3 பார். வந்து பார்த்தவர் பம்பில் கையை வைத்துவிட்டு, "பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்றார். நின்ற பம்பாகத் தெரியவில்லை, அதிர்வு இருக்கிறது. என்ன செய்வது?

வேகம்:
பம்பில் மூன்று வேகம் இருக்கும். மூன்றாவதில் வைத்துப் பாருங்கள், கீழேயும் சூடு வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

பழைய ஃபிட்டர்:
வேகத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதே குழாய்களில் இரண்டு மடங்கு நீர் ஓட வேண்டுமானால் சுமார் நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். வழியில் அடைப்பு இருந்தால் வேகத்தைக் கூட்டிக் கிடைப்பது பெரும்பாலும் இரைச்சல்தான்.

தம்பி, நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி பாய்லர் அடிக்கடி அணைவது. எரிந்த சூட்டை நீர் போதுமான வேகத்தில் எடுத்துப் போகவில்லை என்றால் பாய்லருக்குள் வெப்பம் ஏறி, அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் தேவைக்கு மீறிய பெரிய பாய்லரும் இப்படித்தான் செய்யும். இரண்டில் எது என்று பிரித்தறியாமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

பிரித்தறிவது எளிது. குழாயில் கட்டும் வெப்பமானி இரண்டு வேண்டும். பாய்லரிலிருந்து புறப்படும் குழாயில் ஒன்று, திரும்பி வரும் குழாயில் ஒன்று. எல்லா ரேடியேட்டர்களையும் முழுதாகத் திறந்துவிட்டு, அணைவதற்குச் சற்று முன் இரண்டையும் படியுங்கள். பெரிய வித்தியாசம் என்றால் ஓட்டம் குறைவு. மிகச் சிறிய வித்தியாசம் என்றால் நீர் தாராளமாக ஓடுகிறது, பாய்லர் பெரிது; அல்லது சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் என்ற குறுக்குக் குழாய் வழியாகவே திரும்பிவிடுகிறது. கணக்கு இதுதான்: 10 கிலோவாட் வெப்பத்தை 20 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர் நீர் ஓட வேண்டும்.

இன்னொன்று: கீழே இருக்கும் இரண்டைத் தவிர மற்ற எல்லா ரேடியேட்டர்களையும் மூடிவிட்டு, அந்த இரண்டும் சூடாகின்றனவா என்று பாருங்கள்.

மாடிவாசி:
அண்ணா, செய்துவிட்டேன். புறப்படும்போது 70 டிகிரி, திரும்பும்போது 35. மாடியை மூடியதும் கூடத்து ரேடியேட்டர் மெல்ல நன்றாகவே சூடானது. பின் அறை அசையவில்லை. அதற்குப் போகும் குழாயில் சூடு வால்வு வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. வால்வுக்கு முன் சூடு, பின் குளிர்.

பழைய ஃபிட்டர்:
நல்ல வேலை. இப்போது உங்களிடம் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் பம்ப் மீது பழி விழுந்தது.

முதலாவது, மொத்த ஓட்டமே குறைவு. 35 டிகிரி வித்தியாசம் அதைத்தான் சொல்கிறது. பம்புக்கு அருகில் உள்ள மாடி ரேடியேட்டர்கள் இருப்பதை எடுத்துக்கொள்ள, தூரத்தில் உள்ளவை கடைமடை வயல் போல் காய்கின்றன. கூடம் தனியாக விட்டதும் சூடானதால் அதன் குழாயில் அடைப்பு இல்லை.

இரண்டாவது, பின் அறை வால்வு. வால்வின் மேல் உள்ள தெர்மோஸ்டாட் தலையை, அதாவது சூட்டின் அளவை வைக்கும் திருகு குமிழை, கழற்றினால் உள்ளே சிறிய ஊசி தெரியும். விரல் வைக்காமல் ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாக மேலே வர வேண்டும். கோடை முழுக்க மூடியே இருந்தால் இந்த ஊசி கீழே ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, அழுத்தி அழுத்தி விடுங்கள். குறட்டால் பிடித்து மேலே இழுக்கக் கூடாது. சில வால்வுகளில் ஊசி கையோடு வந்துவிடும், பிறகு அறை முழுக்கச் சுடுநீர்.

பாய்லருக்குத் திரும்பும் குழாயில் வடிகட்டி ஏதாவது இருக்கிறதா? அதையும் பாருங்கள்.

கணக்கன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிறிய வலுவான காந்தம் ஒன்று இருந்தால் செம்புக் குழாயில் ஆங்காங்கே வைத்துப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. எங்கே ஒட்டுகிறதோ அங்கே உள்ளே மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது என்று பொருள். சுவரை உடைக்காமல் அடைப்பைத் தேட இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. குழாய் எஃகாக இருந்தால் மட்டும் இது பயன்படாது.

மாடிவாசி:
நன்றி. செம்புக் குழாய்தான். நேர்க்குழாய்களில் காந்தம் நழுவி விழுந்தது. பாய்லர் அருகே பித்தளைக் குடுவை போன்ற ஒன்று. அதை ஒட்டிய செம்புக் குழாயில் வைத்ததும் 'டப்' என்று கவ்விக்கொண்டது. அதுதான் வடிகட்டியா? நானே திறக்கலாமா?

பழைய ஃபிட்டர்:
அதுவேதான். பாய்லரின் உறைக்கு வெளியே இருப்பதால் திறக்கலாம். உறைக்குள் இருக்கும் எரிவாயுப் பாகங்களை உரிமம் பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

பாய்லரையும் பம்பையும் நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். இருபுறமும் உள்ள அடைப்பு வால்வுகளை மூடுங்கள். கீழே வாளி. அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைத் திருக வேண்டும். உள்ளே கம்பிவலை இருக்கும். சில வகைகளில் காந்தத் தண்டும் உண்டு. கழுவி மாட்டிய பிறகு வால்வுகளைத் திறந்து, அழுத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, காற்றை வெளியேற்றுங்கள். அதைச் செய்யும்போது அருகில் நெருப்பு வேண்டாம். துருப்பிடிக்கும் அமைப்பில் ஹைட்ரஜனும் சேரும்.

மாடிவாசி:
திறந்தேன் அண்ணா. கம்பிவலையே கண்ணுக்குத் தெரியவில்லை, மைக்கூழ் அப்பியது போல் இருந்தது. விரலில் தேய்த்தால் மணலாக இல்லை, வழவழவென்று மாவாக இருக்கிறது. கழுவி மாட்டியபின் அளவு 70, 51. பாய்லர் இப்போது நீண்ட நேரம் தொடர்ந்து எரிகிறது. கூடத்து ரேடியேட்டர் மாடியை மூடாமலேயே சூடாகிறது. பம்ப் அதே பழைய வேகத்தில்தான்.

பின் அறை ஊசியும் விடுபட்டுவிட்டது. ஆனால் அந்த ரேடியேட்டரில் மேல் பாதியும் ஓரங்களும் சூடு, கீழே நடுப்பகுதி குளிர்.

வேகம்:
மறுபடி காற்றை எடுத்துப் பாருங்கள்.

பழைய ஃபிட்டர்:
காற்று மேலே சேரும். மேல் பகுதி குளிர்ந்திருந்தால் காற்று. கீழே நடுவில் குளிர் என்றால் அடியில் சேறு படிந்து நீர் அதைச் சுற்றிப் போகிறது. அந்த ஒன்றைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்க் குழாய் நீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். கழற்றுமுன் ரேடியேட்டரின் மறுமுனையில் உள்ள வால்வை எத்தனை சுற்றுத் திருகி மூடினீர்கள் என்று குறித்து வையுங்கள், திரும்ப அதே அளவு திறக்க வேண்டும்.

மாட்டிய பிறகு துருத் தடுப்புத் திரவத்தை அமைப்பின் கொள்ளளவுக்கு ஏற்பச் சேர்க்க வேண்டும். அளவு புட்டியில் அச்சிட்டிருக்கும். அது இல்லாவிட்டால் வடிகட்டி மறுபடி இதே கதிக்கு வரும். கம்பிவலையை முதலில் அடிக்கடி திறந்து பாருங்கள், சேறு குறையக் குறைய இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

ரேடியேட்டரைத் தூக்கும்போது இரண்டு வாயிலையும் அடைத்து, நிமிர்த்தியே எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கறுப்பு நீர் தரைவிரிப்பில் பட்டால் எதற்கும் போகாது.